தேக்சா கழுவிய தண்ணீர்

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு என் மகள் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, அங்கிள் விழுந்துட்டாரு."

அவள் எனக்குத் தமிழில் பதில் சொல்கிற பிள்ளை அல்ல. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். பேசக் கற்ற நாளிலிருந்து எங்கள் பேச்சு அப்படித்தான் நடக்கிறது. அன்று அவள் வாயில் தமிழ் வந்ததைக் கேட்டதுமே, என்ன ஏதென்று தெரிவதற்கு முன்பே, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

நோன்பு மாதத்தின் முதல் வாரம். விடியுமுன் சாப்பிட்டு, சுபுஹு தொழுதுவிட்டு, என் கணவர் மறுபடி படுத்திருந்தார். நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். வீட்டு முன் கார் வரும் டிரைவ்வேயின் பாதியில் மகள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள். பனிக்குவியல் மேல் ஏறி வரச் சொன்னாள். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். எங்கள் டிரைவ்வேயிலிருந்து நடைபாதைக்கு இறங்கி, அங்கே விசிறிபோல் விரிந்து, ரோடு வரைக்கும் ஐஸ் படிந்திருந்தது. சாதாரண ஐஸ் கண்ணாடிபோல் இருக்கும். இது பால்போல் வெள்ளையாக இருந்தது.

அதன் நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருக்களித்துக் கிடந்தார். குளிர்த்தொப்பி கழன்று தள்ளிப் போயிருந்தது. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மகள் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தியிருந்தாள். பள்ளிக்கூடப் பையை அவர் தலைக்கு வைத்திருந்தாள். பஸ் பிடிக்கப் போன பிள்ளை அவள். தூக்க வேண்டாம் என்று அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். இடுப்பு போய்விட்டது என்று நினைக்கிறேன், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். மகள் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தாள்.

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் இந்த வீட்டை நாங்கள் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் இந்தத் தெருவில் எங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருப்பவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் நாட்டின் மறுகோடியில், சான்டா கிளாராவில் வேலை பார்க்கிறான். பனி தள்ளும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். பனி நின்றதும் அதை எடுத்துக்கொண்டு வருவார். தன் நடைபாதை முடிகிற இடத்தில் நிறுத்தமாட்டார். எங்கள் வீட்டு முன்பும் ஓட்டி, அடுத்த வீட்டு வேலி வரை போய்த் திரும்புவார். வேண்டாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்ததுண்டு. மெஷினைத் திருப்புவதற்கு இடம் வேண்டும், அதனால்தான் என்பார். மகள் சின்ன வயதில் எங்கள் ஆட்களைக் கூப்பிடுவதுபோல் அவரையும் அங்கிள் என்று கூப்பிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

சனிக்கிழமை காலையிலும் அவர்தான் சிமெண்ட் தெரியும் அளவுக்குச் சுத்தமாகத் தள்ளிவிட்டுப் போனார். தான் தள்ளிய இடம் என்ற நம்பிக்கையில்தான் திங்கட்கிழமை இருட்டு முழுதாகப் பிரியுமுன் காப்பிக் கோப்பையோடு நடக்க வந்திருக்கிறார்.

அந்த ஐஸ் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சனிக்கிழமை நோன்புக் கஞ்சி எங்கள் முறை. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் ஒரு ஹாலில் கூடி நோன்பு திறப்போம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு கஞ்சி காய்ச்ச வேண்டும். அதற்கென்று பொதுவில் ஒரு அலுமினியத் தேக்சா இருக்கிறது. அறுபது பேருக்குக் காய்ச்சலாம். என் மகள் சிறுமியாக இருந்தபோது அதற்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதுண்டு. காய்ச்சியவர்கள் கழுவி, அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது எந்த சிங்க்கிலும் அடங்காது. போன வருடம் பாத்டப்பில் வைத்துக் கழுவி, சோறு அடைத்துக்கொண்டு பிளம்பர் வரவேண்டியதாயிற்று. அதனால் இந்த முறை ஞாயிறு மதியம், நல்ல வெயில் அடிக்கும்போது, கணவர் அதை டிரைவ்வேயில் போட்டு அடிப்பிடித்ததைத் தேய்த்தார். குளிர்காலத்தில் வெளிக்குழாய் மூடியிருக்கும். சமையலறையிலிருந்து சுடுதண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தது மகள்.

கழுவிய தண்ணீர் சரிவில் ஓடியது. வெயிலில் ஆவி பறந்தது. காய்ந்துவிடும் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம். எங்கள் ஊரில் தண்ணீர் ஊற்றினால் காயும். அந்த நினைப்பு இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் குளிர் திடீரென்று இறங்கியதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அவரைப் பலகையில் ஏற்றும்போது, எப்படி விழுந்தார், இது என்ன ஐஸ் இப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டாள். என் கணவர் அப்போதுதான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தார். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்: இது எங்கள் தண்ணீர், நேற்று நாங்கள் இங்கே ஒரு பாத்திரம் கழுவினோம், நான்தான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"நீ உள்ள போ," என்றார் என் கணவர். சத்தமாகச் சொல்லவில்லை. அவள் போகவில்லை. அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டாள்.

வண்டி போனதும் என் கணவர் கராஜிலிருந்து உப்பு மூட்டையை எடுத்துவந்து ஐஸ் கரையக் கொட்டினார். பனி அள்ளும் ஷவலின் முனையால் அதைக் கொத்தினார். வில்லை வில்லையாகப் பெயர்ந்து வந்தது. ஒவ்வொன்றிலும் குருணை அரிசியும் வெந்தயமும் உறைந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கெட்டில் போட்டு வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார். இன்னொருவர் விழக்கூடாது என்று செய்தாரா, வேறு எதற்காகச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. மகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அண்ணன் பிளானோவில் இருக்கிறான். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நஷ்டஈட்டுப் பிரிவில் பல வருடமாக வேலை. பத்து மணிக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். முழுதாகக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான்.

"கஞ்சி காய்ச்சி கேஸ் வாங்கற மொத குடும்பம் நம்மதான் மச்சான்."

பிறகு அவன் குரல் ஆபீஸ் குரலாக மாறியது. யாரிடமும் சாரி சொல்லக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பக்கூடாது என்றான். நான் வக்கீல் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டு, சட்டத்தை எனக்குப் புரியும்படி விளக்கினான். வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையில் தானாக விழுந்த பனியில், தானாக உறைந்த ஐஸில் ஒருவர் வழுக்கி விழுந்தால், நியூ ஜெர்சியில் குடியிருக்கும் வீட்டுக்காரர்மேல் பெரும்பாலும் வழக்கு நிற்காது. பனியை அள்ளாமல் விட்டதற்கு டவுன்ஷிப் நிர்வாகம் அபராதம் போடலாம், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்காரரே ஆபத்தை உண்டாக்கியிருந்தால் கதை வேறு. அப்படியானால் இடுப்பு ஆபரேஷன், அதற்குப் பிறகு பல மாதம் பிசியோதெரபி, பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாச் செலவும் எங்கள் தலையில் வரலாம். எங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி தாங்குகிற அளவுக்கு மேலே போனால் வீடு வரைக்கும் வரலாம்.

"இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்த மனுசன்தானே மெஷின் வச்சு ரெண்டு பக்கமும் பனிய குமிச்சாரு? ஞாயித்துக்கெழம வெயிலு. குமிச்சது உருகிருக்கும், ராத்திரி ஃப்ரீஸ் ஆயிருக்கும். டெய்லி நடக்கறதுதான். உங்ககிட்ட கேட்டா அதச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"புள்ள ஆம்புலன்ஸ்காரிகிட்ட சொல்லிட்டாளே," என்றேன்.

"சின்னப் புள்ள, பதட்டத்துல ஏதோ சொன்னான்னு சொல்லிக்கலாம்," என்றான். "ஆனா அவகிட்டயும் ஸ்டேட்மென்ட் கேப்பாங்க. அதுக்குள்ள நீ பேசி வை."

எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. இப்படி ஒரு வழக்கு வந்தால் அதற்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றான் அண்ணன். அறிவுக்குப் புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்டேன்.

பாலிசி விதிப்படி விபத்து நடந்ததைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. கணவர் தெரிவித்தார். புதன்கிழமை மாலை ஒருவர் கூப்பிட்டு வாக்குமூலம் பதிவு செய்வார் என்று பதில் வந்தது. ஆக எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. நோன்பு திறக்கும்போது மூன்று பேரும் பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு நான் இரண்டு முறை ஃபோன் பண்ணினேன். குடும்பத்தாருக்கு மட்டும்தான் சொல்வோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மகள் தோழியின் காரில் நேரிலேயே போயிருக்கிறாள். அவளையும் மேலே விடவில்லை. எழுபத்தெட்டு வயது மனிதர், இடுப்பு எலும்பு. எழுந்தாரா, எழவே மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

அன்று ராத்திரி கணவர் என்னிடம், "நீ போய் பேசு. நான் சொன்னா சண்டையாயிடும்," என்றார்.

அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள்; படிக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நடைபாதை வரைக்கும் ஓடியதை நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவாள், அது முழுப் பொய்யும் ஆகாது, அதோடு நான் கீழே இறங்கிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

அவள் ஆங்கிலத்தில், தணிந்த குரலில் சொன்னாள். "நான்தான் பக்கெட் தூக்கினேன் மா. ஏழு, எட்டு தடவை. கடைசிப் பக்கெட் தேவையே இல்லை. தேய்த்துக்கொண்டிருந்த அத்தா போதும் என்றார். நான்தான் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் சுத்தமாகும் என்றேன்." பிறகு, "அவர் விழுந்தபோது முதலில் என்ன சொன்னார் தெரியுமா? ஜாக்கிரதை, நீயும் விழுந்துவிடாதே என்றார்."

நான் அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக் கீழே வந்தேன். பேசினாயா என்று கணவர் கேட்டார். தூங்கிவிட்டாள் என்றேன்.

அந்த ராத்திரி மறுபடி பனி பெய்தது. புதன் காலை எழுந்தபோது தெரு முழுக்க வெள்ளை. பக்கத்து வீட்டு கராஜ் மூடியிருந்தது. மெஷின் சத்தம் இல்லை. எங்கள் டவுன்ஷிப்பில் பனி நின்ற மறுநாளுக்குள் நடைபாதையை அள்ளிவிட வேண்டும். பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று மெசேஜ் வந்திருந்தது. மகள் ஷவலோடு வெளியே போனாள். எங்கள் நடைபாதையை அள்ளிவிட்டு நிறுத்தாமல் அவர் வீட்டுப் பக்கம் போனாள்.

அதையும் அண்ணன் சொல்லியிருந்தான். அவர் இடத்தில் கை வைக்காதீர்கள், நீங்கள் அள்ளிய இடத்தில் தபால்காரர் வழுக்கினால் அதற்கும் நீங்கள்தான் என்று. கணவர் டி-ஷர்ட்டோடு வெளியே ஓடினார். எங்கள் சிமெண்ட் முடிந்து பக்கத்து வீட்டுச் சிமெண்ட் தொடங்கும் கோட்டில் நின்றார்.

"அதோட நிறுத்திக்கோ."

"ஒய்?"

"நம்ம எடம் இல்ல அது."

"அவரும்தான் தன் இடம் இல்லாத இடத்தைத் தள்ளினார்," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "நீங்கள் ஒருநாளும் நிறுத்தச் சொல்லவில்லையே."

அது உண்மை இல்லை, என் கணவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை அவர் அப்போது சொல்லவில்லை. கோட்டைத் தாண்டவும் இல்லை. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, அவள் கடைசி வரை அள்ளி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். யாராவது வந்து விழுந்துவிடுவார்களோ என்று தெருவின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாலை நாலு மணிக்கு ஃபோன் வந்தது. கணவர் சமையலறை மேஜையில் ஸ்பீக்கரில் வைத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண்ணின் குரல் மரியாதையாக இருந்தது. பதிவு செய்கிறோம், சம்மதமா என்று கேட்டாள். பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர். மகள் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். இறங்கியும் வரவில்லை, ஏறியும் போகவில்லை.

பனி எப்போது பெய்தது, யார் அள்ளினார் என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் அள்ளினார் என்றார் கணவர். இரண்டு பக்கமும் குவிந்திருந்ததா? ஆம். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்ததா? ஆம். பிறகு அவள் படிப்பதுபோல் ஒரே சீராகக் கேட்டாள்: அப்படியானால் குவிந்த பனி உருகி, இரவில் மறுபடி உறைந்ததால் அந்த ஐஸ் உண்டானது என்று சொல்லலாமா?

அண்ணன் சொன்ன பதிலை அவளே கேள்வியாக்கிக் கொடுத்துவிட்டாள். ஒரு ஆம் போதும். என் கணவர் ஃபோனைப் பார்த்தார். அவர் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் அந்த நிமிடம் நான் ஆசைப்பட்டது அதைத்தான்.

அந்தப் பெண் ஹலோ, இருக்கிறீர்களா என்றாள். சம்பவ இடத்தில் இருந்தவர் உங்கள் மகள் என்று இருக்கிறது, மைனர் என்பதால் உங்கள் அனுமதியோடு அவரிடமும் அடுத்துப் பேச வேண்டும் என்றாள்.

என் கணவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஃபோன் பக்கம் திரும்பினார்.

"நோ," என்றார். "அது பனி உருகின தண்ணி இல்ல" என்று தமிழில் ஆரம்பித்துவிட்டு, தலையை உலுக்கி, ஆங்கிலத்துக்கு மாறினார். நான் ஒரு பாத்திரம் கழுவினேன், அந்தத் தண்ணீர் என்றார்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. என்ன பாத்திரம் என்று கேட்டாள். கஞ்சிப் பாத்திரம் என்பதை அவர் ஆங்கிலத்தில் விளக்கப் பாடுபட்டார். அரிசி, பருப்பு, இறைச்சி என்றார். சூப்பா என்று கேட்டாள். ஒருவிதத்தில் என்றார். எவ்வளவு பெரியது என்றாள். அவர் இரண்டு கையையும் அகல விரித்து ஃபோனுக்குக் காட்டினார். விரித்தபடியே இருந்தார், அவளுக்குத் தெரியாது என்பது உறைக்கும்வரை. படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. தண்ணீர் யார் கொண்டுவந்தது என்று அந்தப் பெண் கேட்டபோது, "என் வீட்டில் நடந்தது, நான் கழுவினேன், நான் ஊற்றினேன்," என்றார். மகள் எழுந்து வந்து மேஜையருகே நின்று, பக்கெட் நான் கொண்டுவந்தேன் என்றாள். அவர் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.

ஃபோனை வைத்த பிறகு அண்ணனுக்கு நான்தான் மெசேஜ் அனுப்பினேன். பதிலுக்கு, படித்துவிட்டான் என்ற நீலக்குறி மட்டும் விழுந்தது.

நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது பக்கத்து வீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. இறங்கியவனுக்கு நாற்பது வயது இருக்கும். அப்பாவின் அதே நெற்றி. அவர் மகன் என்று பார்த்ததும் தெரிந்தது. அள்ளியிருந்த நடைபாதையைப் பார்த்தான். நடந்து எங்கள் டிரைவ்வே முனைக்கு வந்தான். அங்கே குனிந்து தரையைப் பார்த்தான். பிறகு வந்து மணி அடித்தான். கணவர் கதவைத் திறந்தார். நானும் மகளும் பின்னால் நின்றோம். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

தன் அப்பா ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றான். ஆஸ்பத்திரியில் கேட்ட எல்லாரிடமும், நான் குவித்த பனிதான் உருகி உறைந்தது, தப்பு என்னுடையது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும், அந்தப் பெண் பிள்ளை சொன்னதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று எங்களிடம் சொல்லச் சொன்னாராம். "சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். சொல்லிவிட்டேன்," என்றான். "ஆம்புலன்ஸ் அறிக்கையில் வேறு மாதிரி இருக்கிறது. நீங்கள் இன்ஷூரன்ஸில் என்ன சொன்னீர்கள்?"

என் கணவர் சொன்னார். இந்த முறை தடுமாறவில்லை. பாத்திரம், சுடுதண்ணீர், சரிவு, குளிர். முடிவில் சாரி என்றார். அண்ணன் சொல்லக்கூடாது என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான் தோன்றியது.

அவன் கையுறையைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். களைத்துப்போனவன்போல் நின்றான்.

"அப்பாவுக்கு உங்கள்மேல் கோபம் வரும்," என்றான். "எனக்கு இல்லை. ஆனால் அவரை இனி யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், நான் வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்த பிறகு நாம் பேசிக்கொள்ளக்கூடாது என்பார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

அவன் என் கணவரைத் தாண்டி என் மகளைப் பார்த்தான்.

"ஆபரேஷன் முடிந்துவிட்டது. இன்று மத்தியானம் எழுந்து நின்றார்."